திரைக்குப் பின்னால் ஒரே ரகளை!

மேடையில் ஒருவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறான். மறு விநாடி, வேறொரு கதவு வழியாக வேறு வேஷத்தில் வெளியே வருகிறான். கொட்டகை முழுவதும் கைதட்டுகிறது. அந்த ஒரு விநாடிக்குள் பின்னால் என்ன நடந்தது என்று கைதட்டியவர்களுக்குத் தெரியாது. ஒருவர் சட்டையை உருவ, இன்னொருவர் தலையில் தொப்பியை அழுத்த, மூன்றாமவர் கையில் ஒரு தட்டைத் திணித்து முதுகில் கை வைத்துத் தள்ள, அந்த ஆசாமி இருட்டில் ஆணியில் மாட்டிய கால்சட்டையை இழுத்துக்கொண்டே கதவைப் பிடித்திருப்பான். முகத்தில் மட்டும் புன்னகை!

தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஒரு முறையாவது வேஷம் கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆபீஸ் விட்டு ஓடி வந்து, ஒட்டு மீசை ஒட்டாமல் திண்டாடி, பக்கப் படுதாவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவரின் குரல் நாயகனின் குரலை விட உரக்கக் கேட்ட அனுபவம் யாருக்குத்தான் இல்லை?

இந்தத் திண்டாட்டத்தையே நாடகமாக்கி உலகம் முழுவதையும் சிரிக்க வைத்தவர் மைக்கேல் ஃப்ரெய்ன் என்ற ஆங்கில எழுத்தாளர். 1933இல் பிறந்தவர். நாடகத்துக்கு வருமுன் பத்திரிகைக்காரர். 'கார்டியன்', 'அப்சர்வர்' ஏடுகளில் நையாண்டிப் பத்தி எழுதிப் பேர் வாங்கியவர்.

1970இல் லண்டன் காரிக் அரங்கில் இவருடைய 'தி டூ ஆஃப் அஸ்' நடந்துகொண்டிருந்தது. நடிப்பவர்கள் லின் ரெட்கிரேவ், ரிச்சர்ட் பிரையர்ஸ் என்ற இரண்டே பேர். அதில் ஒரு குட்டி நாடகத்தில் அந்த இரண்டு பேரே ஐந்து பாத்திரங்களைத் தாங்க வேண்டும். ஒரு கதவில் போய் மறு கதவில் வருவதற்குள் ஆளே மாற வேண்டும். ஒரு நாள் ஃப்ரெய்ன் இதை மேடைக்குப் பின்னால் நின்று பார்த்தார். முன்னால் நடப்பதை விடப் பின்னால் நடப்பதுதான் பெரிய வேடிக்கை என்பது அவருக்கு அப்போது உறைத்தது. தாம் எழுதிய வசனத்துக்கு வந்த சிரிப்பை விட, எழுதாத ஓட்டத்துக்குத் தமக்கே அதிகச் சிரிப்பு வந்தது என்றால் எந்த எழுத்தாளருக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். ஃப்ரெய்ன் அதைக் கதைக்கு முதலாக்கிக்கொண்டார்.

உடனே எழுதிவிடவில்லை. 1977இல் சிறிய ஓரங்க நாடகமாகத்தான் முதலில் செய்து பார்த்தார். தயாரிப்பாளர் மைக்கேல் காட்ரன் அதை முழு நாடகமாக வளர்க்கும்படி கேட்டுக்கொண்டார். 1982 பிப்ரவரியில், லண்டன் ஹாமர்ஸ்மித் பகுதியிலுள்ள லிரிக் அரங்கில், மைக்கேல் பிளேக்மோர் டைரக்‌ஷனில் 'நாய்சஸ் ஆஃப்' அரங்கேறியது. நாடகப் பிரதிகளில், மேடைக்கு வெளியிலிருந்து வரவேண்டிய சத்தத்தைக் குறிக்க எழுதும் சொல் அது. இடி, குதிரைக் குளம்பொலி, கதவு தட்டல் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இங்கே வெளியிலிருந்து வரும் சத்தம் நடிகர்களின் சண்டைச் சத்தம்!

கைக்காசு போட்ட கிழவி வேஷக்காரி

கதை என்ன? ஒரு சின்னக் கம்பெனி. இங்கிலாந்தில் பெரிய ஊர்களின் பெரிய அரங்குகள் இவர்களைக் கூப்பிடாது. சிற்றூர் சிற்றூராகப் போய் வாரக்கணக்கில் நாடகம் போட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு ரயிலேற வேண்டும். இவர்கள் போடும் நாடகத்தின் பெயர் 'நத்திங் ஆன்'. உடம்பில் துணி ஒன்றுமில்லை என்றும், இன்று நிகழ்ச்சி ஒன்றுமில்லை என்றும் இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். ஏழெட்டுக் கதவு, ஒரு மாடிப்படி, ஒரு டெலிபோன், பல தட்டு மத்தி மீன். இவ்வளவுதான் மூலதனம்.

'நத்திங் ஆன்' நாடகத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு. சொந்தக்காரத் தம்பதி வருமான வரிக்குப் பயந்து ஸ்பெயினில் ஒளிந்து வாழ்கிறார்கள். வீட்டு வேலைக்காரி, எஜமானர் இல்லையென்று டெலிவிஷன் முன் உட்கார்ந்து மீன் சாப்பிடப் பார்க்கிறாள். வீட்டுத் தரகன், வீடு காலி என்று நினைத்து ஒரு பெண்ணை அழைத்து வருகிறான். அந்தப் பெண் வேலை பார்ப்பதோ வருமான வரி இலாகாவில்! அதே நேரத்தில் தம்பதியும் திருட்டுத்தனமாக வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். ஜன்னல் வழியாக ஒரு கிழட்டுத் திருடனும் இறங்குகிறான். ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் கதவு திறந்து கதவு மூட வேண்டும். கதை அரதப் பழசு. அது பழசாக இருக்க வேண்டும் என்பதே ஃப்ரெய்னின் திட்டம். பார்ப்பவர்களுக்கு அது உடனே மனப்பாடம் ஆகிவிட வேண்டும். அப்போதுதான் பின்னால் எங்கே இடறுகிறது என்று புரியும்.

இனி நடிகர்களைப் பார்க்கலாம். வேலைக்காரியாக நடிக்கும் டாட்டி, வயதாகிக்கொண்டிருக்கும் நடிகை. இந்தக் கம்பெனியில் சொந்தப் பணத்தையும் போட்டிருக்கிறாள். நாடகம் ஓடினால் முதுமைக்கு நாலு காசு மிஞ்சும். ஓடாவிட்டால் போட்டதும் போச்சு. அவளுக்குத்தான் மேடையில் மீன் தட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டுமா, வைத்துவிட்டுப் போக வேண்டுமா என்பது கடைசி வரை நினைவில் நிற்பதில்லை. தரகனாக வரும் காரி அவளை விட வயதில் சிறியவன். அவளிடம் காதல் கொண்டவன். ஒரு வாக்கியத்தையும் முடிக்கத் தெரியாது. பாதி சொல்லிவிட்டு, 'உங்களுக்குத்தான் தெரியுமே' என்கிற பாவனையில் நிறுத்திக்கொள்வான். எஜமானராக வரும் ஃபிரடெரிக்குக்கு, சண்டையென்ற பேச்சு எழுந்தாலே மூக்கில் ரத்தம் வரும். இளம் பெண் புரூக், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை அடிக்கடி தொலைப்பவள். மேடையே இடிந்து விழுந்தாலும் மனப்பாடம் செய்த அடுத்த வசனத்தைத்தான் சொல்வாள். எஜமானியம்மாள் பெலிண்டா ஒருத்திதான் எல்லோரையும் தட்டிக்கொடுத்துக் கரையேற்றப் பார்ப்பவள். கூடவே, யாருக்கு யார் மேல் கண் என்ற வம்பும் அவளிடம்தான் கிடைக்கும்.

கிழட்டுத் திருடனாக நடிக்கும் செல்ஸ்டன் பழைய நடிகர். காது மந்தம். குடி. அவர் கண்ணில் படாமல் கம்பெனியே பாட்டில்களை ஒளித்து வைக்கிறது. ஐந்து நிமிஷம் ஆள் தென்படாவிட்டால் ஒத்திகையை நிறுத்திவிட்டுத் தேடக் கிளம்புகிறார்கள். டைரக்டர் லாயிட், தான் இதற்கெல்லாம் பிறந்தவனல்ல என்று நினைப்பவர். இந்தக் கம்பெனியை ஓட்டி விட்டுவிட்டு ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' ஒத்திகைக்கு ஓட வேண்டும் அவருக்கு. ஆனால் நடிகை புரூக்கோடும் உதவி ஸ்டேஜ் மானேஜர் பாப்பியோடும் ஒரே சமயத்தில் காதல் நடத்த அவருக்கு நேரம் கிடைத்துவிடுகிறது.

எல்லோரிலும் பரிதாபத்துக்கு உரியவன் டிம். ஸ்டேஜ் மானேஜர். செட் போடுவது, கதவு பொருத்துவது, சாமான் எடுத்து வைப்பது, திரை தூக்குவது, டைரக்டருக்காகப் பூக்கடைக்கு ஓடுவது, நடிகர் வராவிட்டால் வேஷம் போட்டுக்கொண்டு நிற்பது எல்லாம் அவன் தலையில். இரண்டு நாளாகத் தூங்கவில்லை. மூன்று ஆள் வேலையை ஒரே சம்பளத்துக்குச் செய்யும் ஆள் எந்த ஆபீஸில்தான் இல்லை! இரண்டு மணி நேர நாடகத்தில் அவன் ஒரு முறைகூட 'முடியாது' என்று சொல்வதில்லை.

முன், பின், மறுபடி முன்

ஃப்ரெய்னின் சாமர்த்தியம் நாடகத்தின் அமைப்பில் இருக்கிறது. 'நத்திங் ஆன்' நாடகத்தின் முதல் அங்கத்தை மட்டும் மூன்று தடவை காட்டுகிறார். அதே வசனம், அதே கதவு, அதே மீன் தட்டு.

முதல் தடவை, வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற கடற்கரை ஊரில் நள்ளிரவு ஒத்திகை. மறுநாள் அரங்கேற்றம். செட் இன்னும் சரியாகவில்லை. ஒரு கதவு மூடாது, மற்றொன்று திறக்காது. லாயிட் கொட்டகையின் இருட்டிலிருந்து கட்டளையிடுகிறார். கடவுள் குரல் போல ஒலிக்கிறது, கடவுளுக்குப் பொறுமை போய்விட்டது போலவும் இருக்கிறது. ஃபிரடெரிக் ஒரு சந்தேகம் கேட்கிறான்: தான் ஏன் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும்? பாத்திரத்தின் மனநிலை என்ன? பெட்டி அங்கே கிடந்தால் அடுத்தவன் தடுக்கி விழுவான் என்பதுதான் உண்மையான காரணம். ஆனால் அன்று காலைதான் ஃபிரடெரிக்கின் மனைவி அவனை விட்டுப் போயிருக்கிறாள் என்று பெலிண்டா டைரக்டரின் காதில் போடுகிறாள். உடனே லாயிட், குழந்தைப் பருவம் அது இதுவென்று உருக்கமாக ஒரு காரணத்தை இட்டுக்கட்டிச் சொல்ல, ஃபிரடெரிக் நிம்மதியாகப் பெட்டியைத் தூக்குகிறான். சிரிப்புக்கு நடுவில் சட்டென்று தொண்டையை அடைக்கும் இடம் இது. நாடகம் முழுவதும் இப்படிப்பட்ட இடங்கள் ஒளிந்து கிடக்கின்றன.

இரண்டாவது தடவை, ஒரு மாதம் கழித்து, ஆஷ்டன்-அண்டர்-லைன் என்ற ஊரில் பகல் ஆட்டம். இடைவேளை முடிந்து திரை விலகும்போது செட் முழுவதும் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது! இப்போது நாம் மேடைக்குப் பின்னால் இருக்கிறோம். தட்டி, முட்டுக்கட்டை, கயிறு, மரப்படி, தீயணைக்கும் கோடாலி எல்லாம் நம் பக்கம். வர்ணம் பூசிய அழகான பக்கம் அப்புறம் இருக்கிறது. அங்கே நாடகம் நடந்துகொண்டிருப்பதால் இங்கே யாரும் வாய் திறந்து பேசக்கூடாது. ஆனால் சண்டையோ உச்சத்தில் இருக்கிறது. டாட்டியும் ஃபிரடெரிக்கும் நெருக்கம் என்று காரிக்குச் சந்தேகம். டாட்டி அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். திரை தூக்க இன்னும் எத்தனை நிமிஷம் என்று டிம் ஒலிபெருக்கியில் ஒரு கணக்குச் சொல்ல, பாப்பி இன்னொரு கணக்குச் சொல்ல, முன்னால் உட்கார்ந்திருக்கும் பென்ஷன்காரக் கிழவர்கள் கழிவறைக்குப் போவதா வேண்டாமா என்று தவிக்கிறார்கள்.

அதன் பிறகு நடப்பது அத்தனையும் ஊமைக் கூத்து. ஒரு விஸ்கி பாட்டில் செல்ஸ்டனிடம் சிக்காமல் கைக்குக் கை மாறுகிறது. புரூக்கைச் சமாதானப்படுத்த லாயிட் ரகசியமாக வந்து, டிம்மிடம் காசு கொடுத்துப் பூங்கொத்து வாங்கி வரச் சொல்கிறார். பூங்கொத்து போக வேண்டியவளுக்குப் போகாமல் மற்றவர்கள் கைக்கெல்லாம் போகிறது. திரும்பத் திரும்ப வாங்கி, கடைசியில் வந்து சேருவது ஒரு கள்ளிச் செடி. அது டைரக்டரின் பின்புறத்தைப் பதம் பார்க்கிறது. டாட்டி, காரியின் இரண்டு பூட்ஸ் கயிறுகளையும் ஒன்றாக முடிந்து விடுகிறாள். ஒருவர் கோடாலியை ஓங்குகிறார்; அந்த நேரத்தில் மேடையில் அவர் நுழைய வேண்டிய வசனம் காதில் விழுகிறது. கோடாலியைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துகொண்டு போகிறார், வசனம் பேசுகிறார், திரும்பி வந்து கோடாலியை வாங்கிக்கொள்கிறார்!

எத்தனை வெறுப்பிருந்தாலும் தன் வசனத்துக்குரிய நேரம் வந்தால் கால் தானாகக் கதவுக்குப் போகிறது. நடிப்புத் தொழிலைப் பற்றி இதை விட அழகாகச் சொன்ன கட்டுரை எதுவும் இருக்குமா என்பது சந்தேகம். கொலைவெறியில் இருப்பவன்கூட அடுத்தவனுடைய மீன் தட்டைச் சரியான நேரத்தில் நீட்டுகிறான். ஏனென்றால் நாளை ராத்திரியும் அதே கதவில் அவனோடுதான் நிற்க வேண்டும்.

மூன்றாவது தடவை, ஸ்டாக்டன்-ஆன்-டீஸ். சுற்றுப் பயணத்தின் கடைசிக் கட்டம். மறுபடி முன்பக்கம். ஆனால் பின்னால் என்ன நடக்கும் என்பது இப்போது நமக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் வயிறு வலிக்கிறது. மீன் தரையில் சிதறிக் கிடக்கிறது. டெலிபோன் கையோடு வருகிறது. காரி மாடிப்படியில் தலைகீழாக உருண்டு வருகிறான். திருடன் ஒருவன் வர வேண்டிய இடத்தில், செல்ஸ்டன் வரமாட்டார் என்று நினைத்து டிம் வேஷம் போட்டு நுழைய, செல்ஸ்டனும் வர, பின்னாலேயே லாயிடும் வர, மூன்று திருடர்கள் ஒரே வசனத்தைச் சொல்கிறார்கள். புரூக் மட்டும் எதிரில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று பார்க்காமல் தன் வசனத்தை ஒப்பிக்கிறாள். பெலிண்டா இட்டுக்கட்டி இட்டுக்கட்டிக் களைத்துப் போகிறாள்.

அலங்கோலத்துக்கு அதிக ஒத்திகை

இந்த நாடகத்தைப் போட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்று சொல்வார்கள்: ஒழுங்காக நடப்பதை விட அலங்கோலமாக நடப்பதற்குத்தான் அதிக ஒத்திகை வேண்டும். இரண்டாவது அங்கத்தின் பிரதியில் பக்கம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பத்தியில் முன்னால் நடக்கும் வசனம், அடுத்த பத்தியில் அதே நேரத்தில் பின்னால் நடக்கும் ஊமைக் கூத்து. இரண்டும் ஒரு விநாடி பிசகாமல் ஓட வேண்டும். பிசகினால் என்ன ஆகும்? கோடாலி நிஜமாகவே யார் தலையிலாவது விழும்! நடிகன் தடுக்கி விழுவதுபோல் விழ வேண்டும், ஆனால் நாளைக்கும் எழுந்து வந்து விழ வேண்டும். எந்தப் படியில் எந்தக் கை ஊன்றுவது என்பது வரை எண்ணி வைத்திருப்பார்கள். நடனம் கற்பது போலத்தான். இரட்டை மாடி செட்டை இடைவேளைகளில் இரண்டு முறை திருப்பி வைக்க வேண்டியிருப்பதால், டிம் வேஷக்காரன் மேடையில் படும் பாட்டை நிஜமான ஸ்டேஜ் தொழிலாளிகளும் தினம் படுகிறார்கள்.

ஃப்ரெய்ன் தம் பிரதியைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். உழைப்பு வீண் போகவில்லை. 1982இல் சிறந்த சிரிப்பு நாடகத்துக்கான ஈவினிங் ஸ்டாண்டர்டு விருதும் ஒலிவியர் விருதும் கிடைத்தன. லிரிக்கிலிருந்து சவாய் அரங்குக்கு மாறி 1987 வரை ஓடியது. நியூயார்க்கில் 1983 டிசம்பரில் தொடங்கி 553 ஆட்டம்.

1992இல் பீட்டர் போக்டனோவிச் இதைச் சினிமாவாக எடுத்தார். மைக்கேல் கேன், கேரல் பர்னெட் போன்ற பெரிய நட்சத்திரங்கள். கதையை அமெரிக்காவுக்கு மாற்றினார்கள். படம் ஓடவில்லை. காரணம் எளிது. காமிரா நினைத்த இடத்துக்குப் போகும். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. நாற்காலியில் கட்டுண்டு உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் செட்டைத் திருப்பிக் காட்டுவது அதிசயம்.

நான்கு பேர் வந்த நாடகம்

ஃப்ரெய்ன் எழுதியது கற்பனைக் கம்பெனி. முப்பது ஆண்டு கழித்து, நிஜமாகவே கையில் காசில்லாத ஒரு சின்னக் கம்பெனி இதே வழியில் வந்தது. லண்டனில் நாடகப் பள்ளியில் சந்தித்த நண்பர்கள் ஹென்றி லூயிஸ், ஜொனாதன் சேயர், ஹென்றி ஷீல்ட்ஸ் மூவரும் 'மிஸ்சிஃப்' என்ற குழுவைச் சேர்ந்தவர்கள். சாப்பாட்டு விடுதி, மது விடுதி, டெலிபோன் பதில் சொல்லும் வேலை என்று கிடைத்ததைச் செய்து வாடகை கட்டிக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஒரு நாடகம் எழுதினார்கள். 2012 டிசம்பரில், இஸ்லிங்டன் பகுதியில் 'ஓல்டு ரெட் லயன்' என்ற மதுக்கடையின் மாடியில், அறுபது பேர் உட்காரக்கூடிய அறையில் அதைப் போட்டார்கள். தொடக்கத்தில் டிக்கட் வாங்கி வந்தவர்கள் நாலே பேர் என்று அவர்களே பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். அன்று சிரித்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

அதுதான் 'தி ப்ளே தட் கோஸ் ராங்'. கார்ன்லி என்ற கல்லூரியின் நாடகச் சங்கம் ஒரு மர்மக் கொலை நாடகம் போடுகிறது. வரவு செலவுதான் சங்கத்தின் முதல் எதிரி. ஆள் பஞ்சத்தால் செகாவின் 'மூன்று சகோதரிகள்' முந்தைய ஆண்டில் இரண்டு சகோதரிகளாகச் சுருங்கியதாம்! இந்த ஆண்டு எல்லோரும் வந்துவிட்டார்கள், செட்தான் காலை வாருகிறது. கதவு திறக்க மறுக்கிறது. பிணம் நடு நடுவே கையை எடுத்துக்கொள்கிறது. விஸ்கி பாட்டிலில் வர்ணம் கரைக்கும் திரவம். ஒருவர் கஷ்டமான வார்த்தைகளை உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு, அப்படியும் தப்பாகவே படிக்கிறார். நாயகி அடிபட்டு மயங்கி விழ, ஸ்டேஜ் மானேஜர் பெண் கையில் பிரதியோடு உள்ளே தள்ளப்படுகிறாள். முதலில் நடுங்கியவளுக்குக் கைதட்டல் ருசி கண்டுவிடுகிறது. நாயகி மயக்கம் தெளிந்து வந்தபோது வேஷத்தைத் திருப்பிக் கொடுக்க அவள் தயாராயில்லை!

மதுக்கடை மாடியிலிருந்து அது 2013இல் டிரஃபால்கர் ஸ்டூடியோஸ் அரங்குக்கும், 2014இல் டச்சஸ் அரங்குக்கும் போனது. 2015இல் ஒலிவியர் விருது. 2017இல் நியூயார்க் லைசியம் அரங்கு. அங்கே அந்த ஆண்டு டோனி விருது எதற்குத் தெரியுமா? மேடை அமைப்புக்கு! ஒவ்வொரு இரவும் தவறாமல் உடைந்து விழுந்த அந்த செட்டை வடிவமைத்த நைஜல் ஹுக் மேடையேறி விருது வாங்கினார். அடுத்த ஆட்டத்துக்குள் சுவரை நிறுத்தி, மாடியைத் தூக்கி, கதவைப் பொருத்தி வைக்க வேண்டியவர்கள், வழக்கம்போல், பின்னால் நின்ற தொழிலாளிகள்.